சுயநிதிக் கல்லூரி

சுயநிதிக் கல்லூரி என்பது அரசின் சம்பள மானியத்தைப் பெறாமல், மாணவர்கள் செலுத்தும் கட்டணத்தையே முதன்மை வருவாயாகக் கொண்டு இயங்கும் உயர்கல்வி நிறுவனம் ஆகும். தன்நிதிக் கல்லூரி என்றும், பொதுவழக்கில் தனியார் கல்லூரி என்றும் இது அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டிற்குப் பின் இவ்வகைக் கல்லூரிகள் பெருகின. சட்டப்படி இவை அனைத்தும் இலாப நோக்கமற்ற அறக்கட்டளைகளாலோ சங்கங்களாலோ நடத்தப்படுபவை. எனினும் இவை நடைமுறையில் வணிக நிறுவனங்களே என்ற கருத்து பரவலாக உள்ளது. கல்லூரி வணிக நிறுவனத்திலிருந்து வேறுபட்டதா, ஆம் எனில் எவ்வகையில் என்னும் வினாவை இந்திய நீதிமன்றங்களும் வரித்துறையும் பொருளியலாளர்களும் பலமுறை ஆராய்ந்துள்ளனர். இக்கட்டுரை அவ்வினாவைத் தமிழ்நாட்டை, குறிப்பாகத் திருவண்ணாமலையை முன்வைத்து விளக்குகிறது.

சொல்லும் வகையும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பொதுவாக அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி என வகைப்படுத்தப்படுகின்றன. உதவி பெறும் கல்லூரியில் நிர்வாகம் தனியாருடையது. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளம் அரசுடையது. இவ்வகைக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்திலேயே சுயநிதிப் பிரிவும் இயங்குகிறது. காலையில் உதவி பெறும் பிரிவும் பிற்பகலில் சுயநிதிப் பிரிவும் நடைபெறும் கல்லூரிகளில், அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் இரண்டு ஆசிரியர்களின் சம்பளம் பல மடங்கு வேறுபடுவது உண்டு.

கல்லூரி ஒரு 'தொழிலா' என்ற விவாதம் தமிழில் கூடுதல் குழப்பத்துக்கு உள்ளாகிறது. இந்திய அரசியலமைப்பின் 19(1)(எ) உறுப்பு பணித்தொழில், செய்தொழில், வணிகம், வியாபாரம் எனப் பலவற்றைப் பிரித்துக் கூறுகிறது. தொழிற்தகராறுகள் சட்டம் ஆலை போன்ற 'தொழில்' பற்றிப் பேசுகிறது. செய்தித்தாள்களில் இவை எல்லாமே 'தொழில்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் தீர்ப்புகள் உண்மையில் வெவ்வேறு சட்டங்களின் வெவ்வேறு சொற்களைப் பற்றியவை என்பது மறைந்துவிடுகிறது.

கல்லூரியை நடத்துபவரைக் குறிக்கும் 'தாளாளர்' என்ற சொல்லும் நோக்கத்தக்கது. முயற்சியுடையவர் என்பது இதன் பழம்பொருள். முதலாளி, உரிமையாளர் ஆகிய சொற்களைக் கல்லூரிகள் தம் ஏடுகளில் பயன்படுத்துவதில்லை. ஊரார் பேச்சில் இரண்டும் தாராளமாகப் புழங்குகின்றன. 'கல்வித் தந்தை' என்ற பட்டமோ, பாராட்டாகவும் எள்ளலாகவும் ஒரே அளவில் வழங்கி வருகிறது.

வரலாறு

கல்விக்கு நிலையான நிதி ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 340 மாணவர்கள் பயின்ற வேதக் கல்லூரி ஒன்றுக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைக் கூறுகிறது. அங்கே கட்டணம் இல்லை. மாணவர்க்கு நெல் அளக்கப்பட்டது. அதே வேளை, அக்கல்வி ஒரு சாராருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே கருத வேண்டும். கட்டணம் இல்லாமை மட்டுமே ஒரு நிறுவனத்தைப் பொதுவுடைமை ஆக்கிவிடாது.

நவீன காலத்தில் பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளை முன்னோடியாகும். வணிகரும் துபாசியுமான அவர் 1794இல் இறந்தார். அவர் அறப்பணிகளுக்கென எழுதிவைத்த சொத்து பல்லாண்டுகள் வழக்கில் சிக்கி, நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 1842இல் சென்னையில் பள்ளியாக உருப்பெற்று, பின்னர் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. வணிகத்தில் ஈட்டிய பணம் கல்விக்குள் வந்தது என்பதே இம்மாதிரியின் அடிப்படை. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரிகளும் இவ்வழியில் வந்தவை.

விடுதலைக்குப் பின்னர் மணிப்பால் முதலிய இடங்களில் கட்டணத்தை நம்பிய தொழிற்கல்லூரிகள் தோன்றின. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் கர்நாடகக் கல்லூரிகளில் 'நன்கொடை' செலுத்திச் சேர்ந்த தமிழ்நாட்டு மாணவர்கள் பலர். பணம் வெளி மாநிலத்துக்குச் செல்கிறது என்ற வாதமே, 1984இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தபோது முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. அதே ஆண்டில் பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வும் அறிமுகமானது.

முதல் அணியில் தோன்றியவற்றுள் வேலூர் பொறியியல் கல்லூரி (1984) குறிப்பிடத்தக்கது. அதை நிறுவிய கோ. விசுவநாதன், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கிய வந்தவாசித் தொகுதியிலிருந்து 1967, 1971 ஆகிய தேர்தல்களில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அக்கல்லூரி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, விஐடி என்ற பெயரில் அறியப்படுகிறது. அரசியலாளர்கள் கல்லூரி நிறுவுவது தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளிலும் காணப்படும் போக்காகும். நிலம், உரிமம், இணைப்பு, கட்டட அனுமதி என ஒவ்வொரு படியிலும் அரசின் கையொப்பம் தேவைப்படும் துறையில் இது வியப்புக்குரியதன்று.

நீதிமன்றத் தீர்ப்புகள்

மோகினி ஜெயின் வழக்கில் (1992) இந்திய உச்ச நீதிமன்றம் கட்டாய நன்கொடையைக் கல்வியை விற்பதற்கு ஒப்பாகக் கருதி, அது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில் கட்டாய நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு, உன்னி கிருஷ்ணன் வழக்கில் (1993), கல்வி வணிகமாக இருக்க முடியாது என்று கூறிய நீதிமன்றம், தொழிற்கல்லூரி இடங்களில் பாதியை 'இலவச இடம்' எனவும் மறுபாதியை 'கட்டண இடம்' எனவும் பிரிக்கும் திட்டத்தை வகுத்தது. பணம் செலுத்தும் மாணவர், தகுதியில் முந்திய மாணவரின் செலவையும் சுமப்பார் என்பது இதன் கணக்கு. நடைமுறையில் நகர்ப்புறப் பள்ளியில் படித்த வசதியானவர் இலவச இடத்தையும், சிற்றூர் மாணவர் கட்டண இடத்தையும் பெறுவது மிகுதியாக நடந்தது. திட்டம் யாருக்கு உதவ எண்ணியதோ அவரிடமே கூடுதல் பணம் வாங்கியது.

டி. எம். ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் (31 அக்டோபர் 2002) 11 நீதிபதிகள் கொண்ட ஆயம் இத்திட்டத்தை நீக்கியது. கல்வி நிறுவனம் நடத்துவது 19(1)(எ) உறுப்பின்கீழ் 'செய்தொழில்' என்று அது ஏற்றது. ஆனால் வணிகமென ஏற்கவில்லை. நிறுவனம் தன் வளர்ச்சிக்கென நியாயமான உபரியை ஈட்டலாம்; கொள்ளை இலாபமும் கட்டாய நன்கொடையும் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இன்றளவும் இத்துறையின் அடிப்படைக் கோட்பாடு இதுவே. உபரிக்கும் இலாபத்துக்கும் உள்ள வேறுபாடு தொகையில் இல்லை, அது எங்கே செல்கிறது என்பதில் உள்ளது.

இசுலாமிய அகாதமி வழக்கு (2003), மாநிலந்தோறும் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் அமைய வழிவகுத்தது. இனாம்தார் வழக்கில் (2005) உதவி பெறாத கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது எனத் தீர்ப்பாகவே, நாடாளுமன்றம் 93ஆவது திருத்தத்தின் மூலம் 15(5) உறுப்பைச் சேர்த்து அதை மாற்றியது. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மையல்லாதவை 65 விழுக்காட்டு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டு இடங்களையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடு ஆகும்.

தொழிலாளர் சட்டம் வேறு பாதையில் சென்றது. தில்லிப் பல்கலைக்கழகம் எதிர் இராம்நாத் வழக்கு (1963) மாணவியரின் பேருந்தை ஓட்டிய ஓட்டுநர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதிலிருந்து எழுந்தது. பல்கலைக்கழகம் 'தொழில்' அன்று எனக் கூறி, ஓட்டுநர்களின் கோரிக்கை மறுக்கப்பட்டது. பெங்களூர் நீர்வழங்கல் வாரிய வழக்கில் (1978) ஏழு நீதிபதிகள் ஆயம் இதை மாற்றி, கல்வி நிறுவனமும் தொழிற்தகராறுகள் சட்டத்தின்கீழ் 'தொழில்' என்றது. எனினும் சுந்தராம்பாள் வழக்கில் (1988) ஆசிரியர் அச்சட்டத்தின்கீழ் 'தொழிலாளர்' அல்லர் எனத் தீர்ப்பானது. இவ்வாறாகக் கல்லூரிப் பேருந்து ஓட்டுநருக்குத் தொழிலாளர் நீதிமன்றக் கதவு திறந்தும், அதே பேருந்தில் வரும் விரிவுரையாளருக்கு அது மூடியும் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், அறப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து விலக்குகிறது.

நுகர்வோர் சட்டத்திலும் மாணவரின் நிலை உறுதியற்றதே. மகரிஷி தயானந்தர் பல்கலைக்கழக வழக்கில் (2010) கல்வி சரக்கு அன்று என உச்ச நீதிமன்றம் கூறியது. சேலத்தைச் சேர்ந்த விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2020 சனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாரா என்று முடிவு செய்தது. கல்வி வணிகமன்று என்ற உயர்ந்த கொள்கை, ஏமாற்றப்பட்ட மாணவருக்கு, ஒரு மின்விசிறி வாங்கியவருக்கு உள்ள தீர்வைக்கூட மறுப்பதில் வந்து முடிகிறது என்ற விமர்சனம் இதன்மீது உண்டு.

வரி விலக்கும் அதன் நிபந்தனையும்

வருமான வரிச் சட்டம், 1961, 'கல்விக்காக மட்டுமே, இலாப நோக்கமின்றி' இயங்கும் நிறுவனங்களின் வருவாய்க்கு விலக்கு அளித்தது. 'மட்டுமே' என்ற சொல்லை நீதிமன்றங்கள் நெடுங்காலம் 'முதன்மையாக' என்று நெகிழ்வாகவே படித்தன. நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் (19 அக்டோபர் 2022) உச்ச நீதிமன்றம் அந்த நெகிழ்வை நீக்கியது. மட்டுமே என்றால் மட்டுமே. வேறு வணிகம் இருப்பின் அது கல்விக்குத் துணையானதாக இருத்தல் வேண்டும், அதாவது தம் மாணவர்க்குப் பாடநூல், பேருந்து, விடுதி வழங்குதல் போன்றவையாக. மண்டபத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடுவது அவ்வகையில் சேராது.

அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, அறக்கட்டளை நிறுவியவரோ அவர்தம் உறவினரோ அதன் சொத்தாலும் வருவாயாலும் முறையற்ற பயன் பெற்றால் விலக்கை மறுத்தது. இதுவே நடைமுறையில் மிக முதன்மையான பிரிவு எனலாம்.

பணம் செல்லும் வழி

வணிக நிறுவனத்தின் பங்குதாரர் இலாபத்தை ஈவுத்தொகையாகப் பெறுகிறார். அறக்கட்டளையில் அவ்வாறு பெற இயலாது. அமெரிக்கச் சட்டவியலாளர் ஹென்றி ஹான்சுமன் 1980இல் எழுதிய கட்டுரையில் இதனை இலாபப் பகிர்வுத் தடை என விளக்கினார். இலாப நோக்கமற்ற நிறுவனம் உபரி ஈட்டலாம், பகிர்ந்துகொள்ள மட்டும் கூடாது. வாங்குபவரால் தரத்தை முன்கூட்டியே அளந்தறிய முடியாத சேவைகளில்தான் இத்தடை பயனுடையது என்பது அவர் வாதம். நான்காண்டுப் படிப்பை ஒருவர் வாழ்வில் பொதுவாக ஒருமுறையே வாங்குகிறார். பிடிக்கவில்லை என்று திருப்பித் தர முடியாது. ஆகவே, தரத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பதில் எவருக்கும் தனிப்பட்ட ஆதாயம் இல்லாத அமைப்பையே அவர் நம்ப விழைகிறார்.

தமிழ்நாட்டில் எழும் வினா, அத்தடை உண்மையில் தடுக்கிறதா என்பதே. அறக்கட்டளையின் அறங்காவலர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். கல்லூரிக் கட்டடத்தைக் குடும்பத்தாரின் கட்டுமான நிறுவனம் கட்டலாம். பேருந்துகளை உறவினர் நிறுவனம் ஒப்பந்தத்தில் இயக்கலாம். விடுதிச் சமையல், சீருடை, பாதுகாவல், மென்பொருள் என ஒவ்வொன்றும் ஒரு கொள்முதல். ஒவ்வொரு கொள்முதலிலும் விலை என்று ஒன்று உண்டு. அறக்கட்டளையின் ஏட்டில் செலவாகப் பதிவது, வேறோர் ஏட்டில் வரவாகும். இவையனைத்தும் சந்தை விலையில் நடந்தால் சட்டப்படி குற்றமன்று. சந்தை விலை எது என்பதை அறியக் கல்லூரியின் கணக்கு பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட வணிக நிறுவனம் தன் உறவினர் பரிமாற்றங்களை வெளியிட்டாக வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால், இவ்வொரு வகையில் வணிக நிறுவனமே வெளிப்படையானது.

கட்டணத் தொகையைப் பொருத்தவரை, தமிழ்நாட்டுக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் பொறியியல் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் எனவும், தேசிய மதிப்பீட்டு வாரியத்தின் ஏற்பு பெற்ற படிப்புகளுக்கு 55,000 ரூபாய் எனவும் உச்சவரம்பு வைத்தது. விலைக்கு மேல்வரம்பு உள்ள இடத்தில், மிச்சம் பிடிக்க எஞ்சியிருப்பது செலவுதான். செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். 2024 சூலையில் அறப்போர் இயக்கம், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பணிபுரிவதாகக் காட்டப்பட்டுள்ளனர் என்றும், 224 பொறியியல் கல்லூரிகள் இதில் தொடர்புடையவை என்றும் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகம் பின்னர் மேற்கொண்ட ஆய்வில், 189 பேர் ஏறத்தாழ 2,000 பணியிடங்களை நிரப்பியதாகக் காட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. இல்லாத ஆசிரியருக்கும் மாணவர் கட்டணம் செலுத்தியிருந்தார்.

பொருளியல் வேறுபாடுகள்

கோர்டன் வின்சுடன் என்ற பொருளியலாளர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில், கல்லூரி வணிகத்திலிருந்து வேறுபடும் இரு இடங்களைச் சுட்டினார். முதலாவது, அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் அடக்க விலைக்கும் குறைவாகவே கல்வியை வழங்குகின்றன. இடைவெளியை நன்கொடையும் அரசு நிதியும் நிரப்புகின்றன. இரண்டாவது, கல்லூரியின் வாடிக்கையாளரே அதன் மூலப்பொருளும் ஆவார். நன்கு படிக்கும் மாணவர் சேர்ந்தால் உடன் படிப்பவரின் கல்வி மேம்படுகிறது. ஆகவே கல்லூரி, வருகிற அனைவருக்கும் விற்காமல், வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கிறது.

இரண்டாவது கூறு தமிழ்நாட்டில் கண்கூடு. உயர்ந்த கட்-ஆஃப் மதிப்பெண் பெற்றவருக்குக் கட்டணத்தைக் குறைத்தோ முழுவதும் தள்ளுபடி செய்தோ சேர்க்கும் கல்லூரிகள் உண்டு. நல்ல சமையல் தெரிந்த வாடிக்கையாளருக்கு இலவச உணவளிக்கும் உணவகம் எங்கும் இல்லை. முதல் கூறோ இங்குப் பொருந்துவதில்லை. பெரும்பாலான சுயநிதிக் கல்லூரிகளுக்கு நிலைநிதி கிடையாது. இந்த ஆண்டு மாணவரின் கட்டணமே இந்த ஆண்டின் சம்பளம். பச்சையப்பர் காலத்து அறக்கட்டளையில் பணம் வணிகத்திலிருந்து கல்விக்கு வந்தது. 1984க்குப் பிந்தைய அறக்கட்டளையில் அது கட்டணத்திலிருந்து நிலமாகவும் கட்டடமாகவும் மாறுகிறது. இரண்டையும் 'அறக்கட்டளை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

திருவண்ணாமலை

திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 24.6 இலட்சம், பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 23 விழுக்காடு, சவ்வாது மலைப் பகுதியில் பழங்குடியினர் வாழ்கின்றனர். வேளாண்மையே முதன்மை வாழ்வாதாரம். நகரின் பொருளாதாரம் அருணாசலேசுவரர் கோயிலையும் முழுநிலவு நாள் கிரிவலத்தையும் கார்த்திகைத் தீபத்தையும் சார்ந்தது. அதற்கு அடுத்தபடியாக விடுதி, உணவகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் வேலை தருபவை கல்லூரிகளே.

நகரின் அரசு கலைக் கல்லூரி 1966இல் தொடங்கப்பட்டது. கலைஞர் கருணாநிதி பெயர் தாங்கியது. செய்யாற்றிலும் அரசு கலைக் கல்லூரி உள்ளது. ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி 2009இல் ஏற்பட்டது. அதற்கு முன்னரே அந்த இடைவெளியைச் சுயநிதிக் கல்லூரிகள் நிரப்பியிருந்தன. திராவிட முன்னேற்றக் கழக அரசியலாளர் எ. வ. வேலு நிறுவிய அருணை பொறியியல் கல்லூரி 1993இல் தோன்றியது. 'அருணை' என்பது ஊரின் பழைய பெயர்களுள் ஒன்று. எஸ்.கே.பி. பொறியியல் கல்லூரி, கம்பன் மகளிர் கல்லூரி முதலியவை பின்னர் சேர்ந்தன. இவற்றுள் சண்முகா இண்டஸ்ட்ரீஸ் கலை அறிவியல் கல்லூரியின் பெயர் தனித்து நிற்கிறது. அதை ஆதரித்த வணிகக் குழுமத்தின் பெயரையே மறைக்காமல் தாங்கி நிற்கும் இக்கல்லூரி, கல்லூரி 'இண்டஸ்ட்ரி'யா என்ற வினாவுக்கு நீதிமன்றங்களைக் காட்டிலும் சுருக்கமாக விடை கூறுவதாக வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மையில் இது பழைய மாதிரிக்கு நெருக்கமானது. வணிகப் பெயர் கல்விக்குக் கொடுக்கப்பட்டதே அன்றி, கல்வி வணிகத்துக்குக் கொடுக்கப்பட்டதன்று.

இம்மாவட்டத்தைப் போன்ற இடங்களில் 'சுயநிதி' என்ற பெயரே முழுதும் பொருந்துவதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் வகையில் 2012இல் அரசாணை எண் 92 வெளியானது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. அவர்களின் கட்டணத்தையும் அரசு செலுத்துகிறது. முதல் தலைமுறை மாணவர் மிகுந்த மாவட்டத்தில், கல்லூரியின் வருவாயில் பொதுப்பணத்தின் பங்கு சிறியதன்று. அப்பணம் கல்லூரிக்கு மானியமாக வராமல் மாணவரின் வழியாக வருவதால், சம்பள விகிதம், பணி நியமனம் ஆகியவற்றில் உதவி பெறும் கல்லூரிக்குள்ள கட்டுப்பாடுகள் இங்கு எழுவதில்லை. உதவித்தொகை வரத் தாமதமானால் தேர்வுக் கூட நுழைவுச் சீட்டையோ சான்றிதழையோ நிறுத்திவைத்து மாணவரிடம் பணம் கேட்கும் வழக்கம், மாநிலம் முழுவதும் முறையீடுகளுக்கு உள்ளாகியுள்ளது.

சான்றிதழைப் பிடித்துவைப்பது குறித்து, வணிகச் சட்டம் எதிர்பாராத வகையில் மாணவருக்குத் துணை நின்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், நிலுவைக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை வங்கியர் முதலிய சிலருக்கு அளிக்கிறது. சான்றிதழ் விற்கத்தக்க பண்டம் அன்று, ஆகவே அவ்வுரிமை அதன்மீது செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018இல் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என அறிவித்தது.

சந்தை சுருங்கியபோது

2010களின் நடுவில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500க்கும் மேற்பட்டிருந்தன. 2018, 2019 ஆண்டுகளின் கலந்தாய்வில் ஏறத்தாழ பாதி இடங்கள் நிரம்பவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2020 முதல் புதிய கல்லூரிகளுக்குச் சில ஆண்டுகள் அனுமதியை நிறுத்தியது. பின்னர் கணினி அறிவியல் சார்ந்த படிப்புகளில் தேவை மீண்டது. இடங்களின் உச்சவரம்பும் தளர்த்தப்பட்டது. குடிசார், இயந்திரவியல் துறைகளை மூடிக் கணினித் துறை இடங்களைக் கூட்டுவது பரவலானது. விற்பனையாகும் பண்டத்தை அடுக்கி, விற்பனையாகாததை அகற்றும் கடைக்காரரின் செயலுக்கு இது ஒப்பானது.

இடங்கள் காலியான காலத்தில் சேர்க்கைத் தரகர்கள் பெருகினர். விரிவுரையாளர்களே ஏப்ரல், மே மாதங்களில் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சென்று மாணவர் சேர்க்க அனுப்பப்பட்டனர். எத்தனை பேரைச் சேர்த்தார் என்பது பணி நீட்டிப்புக்கு அளவுகோலாவதாக ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டுள்ளன.

கடை மூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்லலாம். கல்லூரி மூடினால் இடையில் நிற்கும் மாணவரை இணைப்புப் பல்கலைக்கழகம் வேறிடத்தில் சேர்க்க வேண்டியுள்ளது. கண்காணிப்பு தவறினால் நேரக்கூடியதன் கடுமையான எடுத்துக்காட்டு சின்னசேலம் அருகே இயங்கிய இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றாகும். வசதிக் குறைவு, மிகைக் கட்டணம் குறித்து மாணவர்கள் தொடர்ந்து முறையிட்டும் பலனில்லாத நிலையில், 2016 சனவரியில் அதன் மாணவியர் மூவர் கிணற்றில் இறந்து கிடந்தனர். கல்லூரி அதன் பின்னரே மூடப்பட்டது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நிலையும் இத்தகையதே. 2010 சனவரியில் தகுதியற்றவை என நடுவண் அரசு பட்டியலிட்ட 44 நிறுவனங்களில் 16 தமிழ்நாட்டில் இருந்தன. குடும்ப நிறுவனங்களாக நடத்தப்படுதல் அவற்றின்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. வழக்குகளாலும் மறு ஆய்வுகளாலும் அவற்றுள் பல தொடர்ந்து இயங்கின.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

பெயரொற்றுமையால் திருவண்ணாமலையில் இருப்பதாகச் சிலர் கருதும் இப்பல்கலைக்கழகம் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உள்ளது. அரசு மானியம் பெற்றும், நிறுவனர் குடும்பத்துக்கு நிர்வாகத்தில் சிறப்புரிமை அளித்தும் வந்த இதன் சட்டம் 1928ஆம் ஆண்டினது. தொலைதூரக் கல்வி இதன் பெரும் வருவாய் ஆதாரங்களுள் ஒன்றாக இருந்தது. 2012 இறுதியில் சம்பளம் வழங்க இயலாத நெருக்கடி ஏற்பட்டு, ஊதியக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஊழியர் போராட்டம் வெடித்தது. தேவைக்கும் மிகுதியான பணிநியமனங்களே நெருக்கடிக்கு முதன்மைக் காரணமெனக் கண்டறியப்பட்டது. 2013 ஏப்ரலில் அரசு நிர்வாகி ஒருவரை நியமித்து, அதே ஆண்டில் புதிய சட்டத்தால் பல்கலைக்கழகத்தைத் தன்வயப்படுத்தியது.

வணிக நிறுவனமாயின் இந்நிலையில் ஆட்குறைப்போ நொடிப்புத் தீர்வோ நடந்திருக்கும். இங்கு மிகை ஊழியர்கள் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர். நட்டம் மாநிலக் கருவூலத்தின் மீது விழுந்தது. அரசுடைமையான பின்னரும் அதன் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் தனியார் அளவிலான கட்டணம் தொடர்ந்ததை எதிர்த்து மாணவர்கள் 2020 இறுதியில் நெடிய போராட்டம் நடத்தினர். 2021இல் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியானது. கட்டணத்தை உயர்த்துவது தனியார் மட்டுமே என்ற எண்ணத்தை இந்நிகழ்வு பொய்யாக்கியது.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரி வழக்கில் (1819), தனியார் கல்லூரியின் சாசனம் ஓர் ஒப்பந்தம், மாநிலம் அதை மாற்றி அரசுடைமை ஆக்க முடியாது எனத் தீர்ப்பானது. அண்ணாமலையில் நடந்ததற்கு இது நேரெதிர். தோர்சுடீன் வெப்லன் 1918இலேயே பல்கலைக்கழகங்களை வணிகர்கள் நடத்தும் முறையைச் சாடி நூல் எழுதினார். வெளிப்படையாக இலாபத்துக்கென நடத்தப்படும் கல்லூரிகளும் அந்நாட்டில் சட்டப்படி உண்டு. அவற்றுள் பெரியனவாகிய கொரிந்தியன் 2015இலும், ஐடிடி 2016இலும் மூடப்பட்டன. இரண்டும் மாணவரின் அரசுக் கடனையே பெரிதும் நம்பியிருந்தவை.

இலங்கையில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 முதல் பல்கலைக்கழகம் வரை நடைமுறையில் உள்ளது. அங்கே தனியார் மருத்துவக் கல்லூரி ஏற்படுத்த நடந்த இரு முயற்சிகளும், 1980களில் வட கொழும்பிலும் 2010களில் மாலபேயிலும், மாணவர் போராட்டத்தால் கைவிடப்பட்டு அரசால் உள்வாங்கப்பட்டன. கட்டணம் செலுத்த வல்ல மாணவர்கள் வெளிநாடு செல்கின்றனர். 1984க்கு முன் தமிழ்நாட்டில் எழுந்த அதே வாதம் அங்கு இன்றும் எழுகிறது.

அண்மைய மாற்றங்கள்

இந்து சமய அறநிலையத் துறை, கோயில் நிதியில் கல்லூரிகள் தொடங்கும் திட்டத்தை 2021இல் அறிவித்தது. சென்னை கொளத்தூரில் கபாலீசுவரர் கல்லூரி அவ்வாண்டே திறக்கப்பட்டது. கோயில் நிதியை இவ்வாறு பயன்படுத்தலாமா என்பது உயர் நீதிமன்றத்தில் வழக்காகி, தன் அனுமதியின்றி மேலும் கல்லூரிகள் தொடங்கக் கூடாது என அது இடைக்கால ஆணை பிறப்பித்தது.

தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. இயங்கிவரும் தனியார் கல்லூரிகளும் உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாறவும், அதற்கான 100 ஏக்கர் நில வரம்பைக் குறைக்கவும் வகைசெய்த திருத்த மசோதா 2025 அக்டோபரில் சட்டப் பேரவையில் நிறைவேறியது. உதவி பெறும் கல்லூரிகளின் மானியப் பணியிடங்களும், அவற்றில் குறைந்த கட்டணத்தில் படிக்கும் மாணவர்களின் இடஒதுக்கீடும் என்னவாகும் எனக் கேட்டு ஆசிரியர் அமைப்புகளும் பல கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. சில நாட்களிலேயே அரசு அதனைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக அறிவித்தது.